யஸ்த் நகரம் தாண்டி ஒரு நல்ல பாதை

நான் காரை நிதானமாக ஓட்டுகிறவன், இன்ஸ்பெக்டர். லட்லோ ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வார்கள். இத்தனை வயதில் ஒரு அபராதச் சீட்டுகூட வாங்கியதில்லை. என்னைப் பற்றி நீங்கள் எழுதப்போகும் மற்ற விஷயங்களுக்கு நடுவே இதையும் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

கண்டம் விட்டுக் கண்டம் போகிற கார் பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்குத்தான் எல்லோரும் கை தட்டுவார்கள். அவன் போகிற பாதையை முன்கூட்டியே எவனோ ஒருத்தன் உட்கார்ந்து வகுத்திருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் நடந்த பந்தயத்துக்கு அந்த எவனோ ஒருத்தன் நான். லண்டனில் கிளம்பி, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகப் பம்பாய். அங்கே கார்களைக் கப்பலில் ஏற்றி மொம்பாசா. பிறகு ஆப்பிரிக்காவின் நீளத்துக்கு இறங்கிக் கேப் டவுன். மூன்று கண்டங்களையும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். அந்த வருடம் முழுக்க நானும் என் மனைவியும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பிறகு அவள் நிற்கவில்லை, போய்விட்டாள். மேசை விசாலமானது.

அந்தப் பந்தயத்தின் செயலாளர் லயனல் பார்ஜிட்டர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, எல்லோருக்கும் வேண்டியவன். பெட்ரோல் எங்கே கிடைக்கும், மருத்துவர் எங்கே இருப்பார், வண்டி கவிழ்ந்தால் யார் தூக்குவார்கள் என்று ஒரு நல்ல பாதையின் அழகைக் கெடுக்கிற கேள்விகள் எல்லாம் அவன் பொறுப்பு. நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள். இதை நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது உங்களிடம் சொல்வார்கள்.

தகராறு ஈரானில் வந்தது. யஸ்த் நகரத்தைத் தாண்டி, பாலைவனத்தின் குறுக்கே தபஸ் என்கிற ஊருக்கு ஒரு பழைய ஒட்டகத் தடம் போனது. வரைபடத்தில் அதைப் பார்த்தீர்களானால் புரிந்துகொள்வீர்கள். முழுப் பாதையும் அந்த இடத்துக்காகவே காத்திருந்ததுபோல வளைந்து வந்து அதில் சேரும். லயனல் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றான். நெடுஞ்சாலையில் லாரிகள் போகும், இன்ஸ்பெக்டர். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு.

மதுக்கடை மாடியில் பந்தயக் குழு கூடியபோது நான் அரை மணி நேரம் அந்தத் தடத்தைப் பற்றிப் பேசினேன். லயனல் குனிந்து வரைபடத்தைப் பார்த்தான்.

"ஆப்ரி, இது பாதை இல்லப்பா. நீ டீக்கோப்பைய வெச்ச கறை."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு இல்லாதவன் என்று நீங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. கடைசியில் இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது, லயனல் வேண்டாம் என்றால் அந்தத் தடத்தை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. மூன்று கண்டங்களை அளந்தவன் நான். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்கிற உரிமை அவனுக்கு. குழுக்கள் இப்படித்தான் வேலை செய்யும்.

ஒரு லேண்ட்ரோவரில் போனோம். யஸ்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய இடத்தில் ஒரு காவல் சாவடி இருந்தது. அங்கிருந்தவர்கள் எங்களுக்குத் தேநீரும் முலாம்பழமும் கொடுத்தார்கள். லயனல் அவர்கள் மொழியில் நாலு வார்த்தைகூடத் தெரியாமல் அவர்களைச் சிரிக்கவைத்தான். பிறகு தடத்தில் ஏறினோம். முதல் முப்பது மைல் அற்புதம். அதன்பின் வெள்ளம் அரித்த ஒரு பள்ளம் குறுக்கே வந்தது. வண்டி நின்றது என்னவோ உண்மை. கொஞ்சம் மண்வெட்டி வேலை செய்தால் தாண்டிவிடலாம் என்பதும் உண்மை.

லயனல் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளத்தின் ஓரத்துக்குப் போனான். குழுவுக்குக் காட்டப் படம் வேண்டுமாம். பள்ளம் பயங்கரமாகத் தெரியவேண்டும் என்பதற்காக மிகவும் ஓரத்தில் நின்றான். மண் சரிந்தது. நான் அவனைத் தள்ளவில்லை. தள்ளுகிற தூரத்தில்கூட நான் இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் வரக் கூடாது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆனாலும் பேச்சு குறையவில்லை. தன்னை வண்டியின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு சாவடிக்கே திரும்பிப் போகச் சொன்னான். கையைக் கொடுத்தால் தானே தவழ்ந்து ஏறிவிடுவதாகவும் சொன்னான். அவனால் முடிந்திருக்கும், பலசாலி. முறிந்த காலோடு இந்தக் குலுங்கலில் உன்னை ஏற்றிப் போவது சரியில்லை என்றேன். அந்தத் தடம் குலுக்கும் என்று என் வாழ்க்கையில் நான் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அவனுக்காக அதையும் செய்தேன்.

"சரி, நீ மட்டும் போய் ஆளக் கூட்டிட்டு வா," என்றான். "இருட்டறதுக்குள்ள வந்துடலாம். பார்த்தியா ஆப்ரி, நெடுஞ்சாலைன்னு ஒண்ணு பக்கத்துல இருக்கறது எதுக்குன்னு."

வலியில்கூட அவனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு கேன் தண்ணீர் இருந்தது. ஒன்றை அவன் பக்கத்தில் வைத்தேன். இன்னொன்று ரேடியேட்டருக்கு. பெரிய கேனை ரேடியேட்டருக்கு எடுத்துக்கொண்டேன்; பாலைவனத்தில் வண்டி நின்றுவிட்டால் இருவருக்குமே ஆபத்து அல்லவா. என் தொப்பியை அவனுக்குக் கொடுத்தேன். காமிரா மணலில் கிடந்து வீணாகப் போகிறதே என்று அதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு பள்ளத்தின் கரையை மண்வெட்டியால் சரித்தேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. லயனல் நிழலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். திருப்புவதற்கு இடம் செய்கிறேன் என்று நினைத்திருப்பான். வண்டி பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறியபோதுதான் கூப்பிட்டான். முதலில் என் பெயரைச் சொல்லி, பிறகு வெறுமனே கத்தினான்.

உதவிக்குத்தான் போனேன். தபஸிலும் காவலர்கள் இருந்தார்கள். முப்பது மைல் பின்னால் போவதற்குப் பதிலாக நூற்றுச் சொச்சம் மைல் முன்னால் போனேன், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் உதவி இருக்கும்போது வந்த வழியே திரும்புவது எந்தப் பாதை வகுப்பாளனுக்கும் அழகல்ல. வழியில் அங்கங்கே நிறுத்தித் தூரங்களைக் குறித்தேன். ஒரு உப்புவெளியின் ஓரத்தில் மாலை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லயனலுக்கும் பிடித்திருக்கும் என்று தோன்றியது. படச்சுருளை அங்கேதான் உருவி வெயிலில் காட்டினேன்.

தபஸ் பேரீச்ச மரங்கள் நிறைந்த ஊர். விடுதியில் குளித்து, ஆட்டிறைச்சியும் சோறும் சாப்பிட்டு, தூங்கினேன். களைப்போடு போய் நின்றால் தகவலைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவோமே என்ற கவலை. மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு காவலர்களிடம் போனேன். அவன் இருக்கும் இடத்தைச் சொன்னேன். நான் சொன்ன இடத்திலேயே, கால் மைல்கூடத் தவறாமல், அவனைக் கண்டுபிடித்தார்கள். அந்த அதிகாரி என் அளவைப் பாராட்டினார். லயனல் பள்ளத்திலிருந்து சாவடிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் தவழ்ந்திருந்தான். கடைசிவரை நெடுஞ்சாலைப் பைத்தியம்.

குழு மிகுந்த துக்கத்தில் என் வார்த்தையை ஏற்றுக்கொண்டது. வண்டி அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்ட பிறகுதான் லயனல் விழுந்தான், இறங்கிவந்த கரையும் சரிந்துவிட்டது, முன்னால் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்று சொல்லியிருந்தேன். அவன் மனைவி ஐரிஸ் அடக்கம் முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டாள். அவள் கண் அழுது வீங்கியிருந்தது.

"ஆப்ரி, அவர் கடைசியா என்ன சொன்னாரு?"

"பாதை நல்லா இருக்குன்னாரு ஐரிஸ். இந்த வழியாத்தான் போகணும்னாரு."

அதன்பிறகு யாரால் மறுக்க முடியும். அறுபது கார்களுக்கு மேல் அந்தத் தடத்தில் போயின. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்தக் கட்டத்தில் முதலில் வந்தவருக்கு லயனல் பெயரில் ஒரு கோப்பை வைத்தோம். ஐரிஸ்தான் கொடுத்தாள். பேசும்போது என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு புட்டிங் செய்து அனுப்புவாள். கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் மனசார அனுப்புகிறாள்.

ஏன் இத்தனை வருடம் கழித்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டதுபோலத் தெரிகிறது. தயவுசெய்து அடித்துவிடுங்கள். எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.

அந்தப் பந்தயத்தை மறுபடியும் நடத்தப்போகிறார்கள். இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறவள் டாம்சின் என்கிற பெண். கெட்டிக்காரி, மூன்று கண்டங்களையும் கணினியில் வைத்திருக்கிறாள், அவள் வீட்டு மேசை சுத்தமாக இருக்கும். போன வாரம் புதிய பாதையைக் காட்ட என்னை மரியாதையாகக் கூப்பிட்டிருந்தாள். லண்டனிலிருந்து யஸ்த் வரை என் கோடு அப்படியே இருந்தது. அதன்பிறகு நெடுஞ்சாலை.

என்னம்மா இது என்றேன். அவள் என் கையைத் தொட்டு, மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"அது ஒரு ஆள பலி வாங்கின பாதை சார். உங்க ஃப்ரெண்டையே. அதுல திரும்ப எப்படி சார் ஆளுங்கள அனுப்பறது?"

ஐரிஸும் அதையே விரும்புகிறாளாம். அந்தத் தடத்தின் முனையில் எச்சரிக்கையாக ஒரு கல்வெட்டு வைக்கலாமா என்றுகூட யோசிக்கிறார்கள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர். முடியவில்லை. செய்யாத ஒன்றுக்கு அந்தத் தடம் பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது, என் சுபாவம் அப்படி. ஆகவே நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். லயனல் பார்ஜிட்டரை நான் கொன்றேன். தெரிந்தே, தண்ணீரைக் குறைத்து வைத்து, விட்டுவிட்டுப் போய்க் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன். நகல் ஒன்றை டாம்சினுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பாதையை வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள்.