பாலத்திலிருந்து விழவேண்டிய குண்டு

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து கிடந்த அவசரகாலத்தில் ஒருநாள், மலாக்காவின் காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் போன பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த இருவரும் கம்யூனிஸ்டுகள் என்றே நம்பி, நனைந்துபோனேன். வியர்வையில்தான்.

“சாயங்காலம் குண்டைப் பாலத்துல ஏத்திடணும். கீழ சம்பான் படகு நிக்கும்,” என்றார் மீசைக்காரர்.

“குண்டு கனமாச்சேண்ணே. படகுக்கு முன்னாடியே விழுந்துட்டா?” என்றார் ஒல்லியானவர்.

“கனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல தம்பி. உயரம் ஒண்ணுதானே, கீழ வர்ற நேரமும் ஒண்ணுதான். கிளம்புற வேகம் இருந்தாத்தான் படகு வரைக்கும் எட்டும். வேகம் குறைஞ்சா கல்லுலதான்.”

போலீஸ் நிலையம் வந்தது. இறங்கிச் சொல்லிவிட நினைத்தேன். அதற்குப் பதிலாக, இன்னும் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பொண்டாட்டிகிட்ட சொல்லியாச்சா?” என்றார் ஒல்லியானவர்.

“குண்டுதானே? பொண்டாட்டிகிட்ட மூச்சு விடல. தெரிஞ்சா அந்தம்மா குதிக்க விடாதே.”

வெடிகுண்டுக்கு ஏது பொண்டாட்டி என்று அப்போதுதான் முழித்தேன்.

அன்று மாலை அவர்கள் பின்னாலேயே போய் நான் பார்த்த சினிமாப் படப்பிடிப்பில், கதாநாயகனுக்குப் பதிலாக ஒரு பருத்த ஸ்டண்ட் நடிகர் பாலத்தில் ஓடிவந்து குதித்தார். படகில் விரித்திருந்த மெத்தையின் ஓரத்தில் விழுந்து கை முறிந்தது. கரையில் முதலில் ஓடிவந்தவள் அவர் மனைவி.