லொக்கருக்குப் போன காப்பு

"அந்தச் செத்த மனுசி என்னைவிடக் குடுத்துவைச்சவ."

முன் இருக்கையில் ஒரு பெண் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்தேன். ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயில். மியூசியத்தில் பழங்காலக் கல்லறை ஒன்றில் ஒரு பெண்ணோடு கிடந்த தங்க நகைகளைப் பார்த்துவிட்டு அவவும் கணவரும் வீடு திரும்புகிறார்கள்.

"ஏனப்பா அப்பிடிச் சொல்லுறீர்?"

"மூவாயிரம் வருசமாக் காப்போட கிடந்திருக்கிறா. என்ர காப்பு கலியாணம் முடிஞ்ச கிழமையே பாங்க் லொக்கருக்குப் போயிட்டுது."

"கள்ளர் வந்தா?"

"அவவின்ர ஊரிலயும் கள்ளர் இருந்திருப்பாங்கள். மனுசன் கழட்டிப் பூட்டி வைச்சவரோ?"

"தங்கம் சூரியன்ர உடம்பு, அழியாது எண்டு அந்தக் காலத்துச் சனம் நம்பினது. செத்தாப் பிறகும் கூட வரும் எண்டுதான் சேர்த்துத் தாட்டவை. எழுதியிருந்ததை வாசிக்கேல்லையே?"

"வாசிச்சனான். எனக்குச் செத்தாப் பிறகு வேண்டாம். சனிக்கிழமை கமலாக்கான்ர மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் போட்டாக் காணும்."

அவர் போனில் கலண்டரைத் திறந்து பார்த்தார்.

"சரி, வெள்ளிக்கிழமை எடுத்துத் தாறன். ஆனா திங்கள் திரும்ப வைக்கவேணும்."

"நான் கழட்டமாட்டன். வைக்கிறதெண்டா என்னையும் சேர்த்து லொக்கருக்கை வையுங்கோ."