ஈரத்துணி

பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் வீட்டில்தான் நகை திருடு போயிருந்தது.

"கைரேகை எடுக்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் பீரோவ ஈரத்துணியால தொடச்சிட்டேன்" என்றார்.

"ஏன்க்கா? வெளியாளுங்க வர்றாங்களேன்னா?"

"போலீஸ்கிட்ட அப்படித்தான் சொன்னேன். பவுடரப் போட்டுப் பாத்தாங்க, ஒரு ரேகைகூட தேறல. கன்னாபின்னான்னு சத்தம் போட்டாங்க."

"அப்ப யாரப் புடிப்பாங்க?"

"நம்ம தோப்புல தேங்கா உரிக்கிற செல்வராசக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அவரா எடுத்தாரு?"

ஒரத்தநாட்டில் ஏறியவர்களுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் முன்னால் போனார். ஜன்னலோரம் இருந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"பீரோ பூட்டு உடையல. அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்ச சாவியால தொறந்திருக்கு. அந்த எடம் எனக்கும் எம் பையனுக்கும்தான் தெரியும். அவன் அன்னிக்கு வீட்டுக்கே வரலங்கிறான்."

"செல்வராசு பாவம்க்கா."

"பாவந்தான். காலையில ஸ்டேஷனுக்கு இட்லி குடுத்தனுப்பினேன்."

"யார்கிட்ட?"

"எம் பையன்கிட்டதான்."