அரைச் சுமை விறகு

மழைக்காலம் வந்தால் என் இடது தோள் வலிக்கும், ஐயா. சுமை தூக்கிப் பிழைக்கிறவனுக்கு அது புதிதில்லை. அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்குப் பல் டாக்டர் வெங்கிடுசாமியின் தகரப்பெட்டியை அந்தத் தோளில்தான் வாராவாரம் ஏற்றிவந்தேன்.

பெட்டிக்குள் குறடுகள், பஞ்சு, ஒரு சட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. யுத்தம் வந்து எண்ணெய் நின்றதும் அடுப்பும் நின்றது. சட்டி காய்ந்தே கிடந்தது. ஒரு வாயிலிருந்து எடுத்த குறட்டை வேட்டியில் துடைத்து அடுத்த வாயில் வைப்பார். என் வீட்டுக்காரி அத்தாயிக்கும் அப்படித்தான் வைத்தார். அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவனின் ஈறெல்லாம் சீழ். வீட்டுக்கு வந்தவளுக்குத் தாடைக்கடியில் வீங்கியது, நாக்கு மேலே எழும்பியது, எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சும் விட முடியவில்லை.

அடுத்த சந்தைக்கும் பெட்டியை நான்தான் சுமந்தேன். வழியில் கேட்டேன்.

“அந்தச் சட்டி எதுக்குங்க?”

“குறட்ட வேக வெக்கடா. வேக வெச்சா அதுல ஒட்டுன விஷம் செத்துரும்.”

“அத்தாயிக்கு வெச்சிருந்தா பொழச்சிருப்பாளுங்களா?”

“பொழச்சிருப்பா. எண்ணெய்க்கு எங்க போறது? வெறகுக்குத்தான் எங்க போறது?”

கொல்லிமலைக் காட்டுக்குள் நின்றுகொண்டு அதைச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுமந்து போட்டிருப்பேன்.

அதற்குப் பின் சந்தைதோறும் விறகு கொண்டுபோனேன். அவர் பல் பிடுங்கும் புல் கொட்டகைக்குள் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் குறட்டை வேகவைத்தேன். “ஏன்டா கொழந்தசாமி, ஒரு பல்லுக்கு ஒரு சுமை வெறகா? கல்யாணச் சமையலா நடக்குது?” என்று சிரிப்பார். அவர் கை நடுங்கத் தொடங்கியபோது பல் பிடுங்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மலையின் அந்தக் கோடியிலிருக்கும் திண்ணனூர் நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்கும் வீங்கவில்லை.

அவருக்கு மலைத்தேன் என்றால் உயிர். மலை இறங்கும்போதெல்லாம் ஒரு குடுவை கொடுத்தனுப்பினேன். படுக்கும்போது நக்குங்க, சளி கட்டாது என்று சொல்லியும் அனுப்பினேன். பல் சொத்தையாக வருஷங்கள் பிடித்தன. எனக்கு அவசரமில்லை.

போன ஐப்பசியில், ஒரு மழை நாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மலையேறினார். கூட்டம் குறையட்டும் என்று அவரை உட்காரவைத்தேன். சீழ் பிடித்த வாய் ஒன்று வரக் காத்திருந்தேன். வந்தது. பிடுங்கினேன். குறட்டை அவர் செய்த மாதிரியே வேட்டியில் துடைத்தேன். சட்டித் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்தேன்.

“வேக வெச்சியாடா?” கண்ணை மூடியபடி கேட்டார். அத்தனை காலத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான்.

“வெச்சனுங்க.”

வாயைத் திறந்தார்.

அத்தாயி போன மாதிரியே போனார். தாடை, நாக்கு, மூச்சு. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு குடுவைத் தேனும் கொண்டுபோயிருந்தேன். அவரால் விழுங்க முடியவில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. ஆனால் ஒரு பாவமும் அறியாதவர்களை அவர் சாகவிட்டதுபோல நான் சாகவிட்டதில்லை.

நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. அன்று டாக்டர் எழுந்ததும், பல்வலியோடு வெளியே காத்திருந்த பொன்னம்மாள் வந்து உட்கார்ந்தாள். “ஏனுங்ணா, டாக்டருக்கே புடுங்கிட்டீங்க, எனக்கு மாட்டீங்களா? ஊட்ல சின்னது அழுவும்.”

கடைவாய்ப் பல்லுக்கு இருந்தது அந்த ஒரு குறடுதான். அடுப்பு அணைந்திருந்தது. மூலையில் அரைச் சுமை விறகு நனையாமல் கிடந்தது. எனக்குத் தோள் வலித்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, “வா கண்ணு” என்றேன்.

டாக்டரைப் புதைத்த வாரமே அவளையும் புதைத்தார்கள். அவள் புருஷன் மாதேஸ்வரன் என்னிடம் வந்து அழுதான். “அந்த டாக்டர் பெட்டியே ஆகாதுங்ணா” என்றான். ஆமாம் என்றேன்.

பொன்னம்மாளுக்கு நான் ஒரு சட்டி வெந்நீர் கடன்பட்டிருக்கிறேன்.