முன்னமே வெளிக்கிட்ட பை

"எங்கட பயணம் புதன்கிழமையே வெளிக்கிட்டிட்டுது, பயப்படாதையும்."

இதைக் கேட்டுத்தான் செய்தித்தாளை மடித்தேன். எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், டண்டினொங் புறநகரிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயில். எதிரே யாழ்ப்பாணத்துத் தம்பதி, காலடியில் இரண்டு சூட்கேஸ். சிட்னிக்குப் போய், தீவுகளைச் சுற்றும் கப்பலில் முதல்முறையாக ஏறப்போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"வீட்டால வெளிக்கிட்டது இராகுகாலத்திலையப்பா. சுவா, நூமியா துறைமுகமெல்லாம் பாத்திட்டு உயிரோட திரும்புவமோ?" என்றார் மனைவி.

"அதுக்குத்தானே புதன்கிழமை நல்ல நேரம் பாத்து, பக்கத்து வீட்டுக் கிரேக்க மனுசியிட்ட ஒரு பையைக் கொண்டுபோய் வைச்சனான். அப்பவே நாங்கள் வெளிக்கிட்டதாத்தான் கணக்கு."

"பைக்குள்ள என்ன வைச்சனீங்கள்?"

"முக்கியமானது நல்ல நேரத்தில போகட்டுமெண்டு, ரெண்டு பாஸ்போர்ட்டும் கப்பல் டிக்கெட்டும்."

"காலமை அதைத் திருப்பி எடுத்தனீங்களோ?"

கணவர் சூட்கேஸின் பூட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். ஸ்பிரிங்வேல் ஸ்டேஷன் வந்து போனது.

"கிரேக்க மனுசி இப்ப வேலைக்குப் போயிருப்பா" என்றார் கடைசியில்.

"அப்ப நல்ல நேரத்தில வெளிக்கிட்டது பக்கத்து வீட்டில நிக்குது. இராகுகாலத்தில வெளிக்கிட்ட நாங்கள் மட்டும் போறம்."