அடுத்த வளவுப் பன்றியின் எச்சம்

மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் பாதைப் படகிலே, பன்றி வளர்ப்போர் இருவரின் உரையாடல் என் செவியில் வீழ்ந்தது.

“நான் குடுத்தது என்ட பண்டிட பீ இல்ல மச்சான்,” என்றார் மூத்தவர்.

“குடல் கிருமியப் பாத்துத் தீன் சொல்லத்தானே ஆராய்ச்சிக்காரப் பிள்ளையள் கேட்டாங்க?” என வினவினார் இளையவர்.

“நான் வைக்கிற தீனக் கண்டுபிடிச்சு, மறுகா பெரிய பண்ணைக்காரனுக்குச் சொல்லிருவாங்க. அதான் அடுத்த வளவுப் பண்டிட பீய அள்ளிக் குடுத்தன்.”

“முடிவு வந்திச்சா?”

“குடல் நல்லாயிருக்காம். இப்ப வைக்கிற தீனையே வைக்கட்டாம்.”

“உன்ட பண்டி?”



“ரெண்டு குட்டி வயித்தால கழிஞ்சே செத்திட்டு. தாயும் தின்னுதில்ல.”

“அடுத்த வளவுக்காரன் என்ன தீன் வைக்கிறான் எண்டு கேளன்.”

“கேட்டன். என்னத்துக்குக் கேக்கிறாய் எண்டு அவனுக்குச் சந்தேகம். சொல்றானில்ல.”