முகம் பாத்துக் கதைக்காத வீடு

ஊமையெண்டு மட்டும் சொல்லாதேங்கோ ரீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தாரிகா வீட்டிலை விடிஞ்சதிலையிருந்து பொழுதுபடுமட்டும் கதைச்சுக்கொண்டு திரியிறவள். காதும் வடிவாக் கேக்கும், நாக்கும் வடிவாப் புரளும். கை முறிஞ்சதுக்குத் தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கை, நீங்கள் சொன்னனீங்கள் எண்டு, அவள் இஞ்சை வாய் திறக்காததையும் சொல்லிக் காட்டினனாங்கள். பிள்ளையிலை ஒரு குறையுமில்லை, வீட்டைப் பாருங்கோ எண்டார் டொக்டர். இப்ப நீங்கள் அவளைக் குறைபாடுள்ள பிள்ளையளின்ரை வகுப்புக்கு மாத்தப்போறன் எண்டா நான் எப்பிடி ஓமெண்டுறது?

சரி, நான் கோவிக்கேல்லை. ஆனா நீங்களே சொல்லுங்கோ. ரெண்டாம் வகுப்புப் பிள்ளை, விளையாட்டு நேரம் விழுந்து கை முறிஞ்சு, பள்ளிக்கூடம் விடுமட்டும் அந்த வாங்கிலை இருந்திருக்குது. ஒருத்தரும் காணேல்லை. ஓம், அவள் வாய் திறக்கேல்லைத்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. தனுஷா எண்ட பிள்ளை அண்டைக்கு வரேல்லையாம் எல்லே. இவளுக்குத் தண்ணி வேணுமெண்டாலும் தனுஷாவின்ரை காதுக்குள்ளை சொல்லி, தனுஷா எழும்பி உங்களிட்டைச் சொல்லுறதாம். ஏன் பிள்ளை கை நோகுதெண்டு ரீச்சரிட்டைச் சொல்லேல்லை எண்டு நானும் கேட்டன். ரீச்சரிட்டைச் சொல்லுறதுக்கு ஆள் இருக்கேல்லை அப்பா எண்டாள்.

உது வீட்டிலை பழகினதோ எண்டு கேக்கிறியள். வீட்டிலைதான், வேறை எங்கை? ஆனா நான் பழக்கினதில்லை. உதெல்லாம் என்ரை ஐயாவின்ரை வேலை. எழுதுறதை விட்டிட்டுக் கொஞ்சம் கேளுங்கோ.

ஐயா ஏரம்பு எண்டா உரும்பிராயிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். வெங்காயம் செய்யிறதிலை விண்ணன். தோட்டத்துக்கு ஆள் வந்தா மணிக்கணக்காக் கதைப்பார். மாட்டோடை கதைப்பார். மோட்டர் நிண்டுபோனா அதோடையும் நிண்டு கதைப்பார். பெத்த பிள்ளையோடை மட்டும் கதைக்க மாட்டார். எனக்குச் சப்பாத்து வேணுமெண்டா நான் அம்மாட்டைச் சொல்லவேணும். ஐயா எங்கையும் போகேல்லை, அதே விறாந்தையிலை கதிரையிலைதான் இருப்பார். நான் சொல்லுறது வடிவாக் காதிலை விழும். எண்டாலும் அம்மா குசினியிலையிருந்து வந்து, கேதீசுக்குச் சப்பாத்து வேணுமாம் எண்டு சொன்னாத்தான் அந்தாளுக்குக் கேக்கும்.

மறுமொழியும் அப்பிடித்தான் வரும். அந்த நாயிட்டைக் கேள், போன வருசத்துச் சப்பாத்தை என்ன செய்ததெண்டு. நான் பக்கத்திலை நிப்பன். அம்மா, பாவம், ஞானாம்பிகை எண்டு பேர் அவவுக்கு, என்னட்டைத் திரும்பி, ஐயா வாற மாசம் வாங்கித் தாறாராம் ராசா எண்டுவா. ஐயா சொன்னது எனக்கும் கேட்டதுதானே. எண்டாலும் அம்மா சொன்னதைத்தான் நான் கேட்டதா வைச்சுக்கொள்ளுவன். அவவும் எப்பிடியோ வாற மாசம் வாங்கித் தந்திடுவா.

ஒருக்கா எனக்குக் கணக்கிலை நல்ல மாக்ஸ். அதைத் தோட்டத்துக்கு வந்த ஒரு மனுசனுக்கு ஐயா பெருமையாச் சொல்லிக்கொண்டு நிக்கிறார். நான் வாழைக்குப் பின்னாலை நிண்டு கேட்டனான். அதை என்னட்டைச் சொன்னால் வாய் அழுகிப்போமே? என்னட்டை வந்தது, வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறப் போகட்டாம் எண்டதுதான்.

பேந்து ஏ.எல். முடிய கொழும்பிலை ஒரு வேலை சரிவந்தது. ஐயா வேண்டாமாம் எண்டு அம்மா வந்து சொன்னா. ஏன் வேண்டாமெண்டு நான் அந்தாளிட்டைக் கேக்கேல்லை. பயமில்லை ரீச்சர், கேக்கத் தெரியாது. இண்டைக்கும் சந்தையிலை வியாபாரியளோடை கழுத்தைப் பிடிக்குமளவுக்குச் சண்டை பிடிப்பன். ஐயாவுக்கு முன்னாலை போய் நிண்டால் வந்த வழியே திரும்பிப்போடுவன். அவர் ஏன் மறிச்சவர் எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது. அந்த வெங்காயத்தோடையே நானும் கிடக்கிறன். அந்தாளிலை எனக்கு இருக்கிற ஆத்திரம் அடங்காது.

அம்மா செத்து மூண்டு வருசம். செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிஞ்சு சனமெல்லாம் போட்டுது. ஐயா விறாந்தையிலை இருக்கிறார், நான் வாசல்படியிலை. சாப்பிட்டவரோ எண்டு கேக்கவேணும் போலை எனக்கு. அவருக்கும் ஏதோ சொல்லவேணும் போலை. ரெண்டுபேரும் குசினிப் பக்கம் பாத்துக்கொண்டு இருக்கிறம். அங்கை ஆர் வாறது இனி?

அப்ப தாரிகாவுக்கு நாலு வயசு. விளையாடிக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவிலை நிண்டவள். ஐயா அவளைக் கிட்டக் கூப்பிட்டு, அப்பப்பாவுக்குப் பசிக்குதெண்டு கொப்பரிட்டைச் சொல்லு எண்டார். அவள் ரெண்டடி ஓடிவந்து சொன்னாள். அம்மா புட்டு அவிக்கிறா எண்டு போய்ச் சொல்லு எண்டன். திரும்ப ஓடினாள். அவளுக்கெண்டாச் சரியான புளுகம், சிரிச்சுச் சிரிச்சு ஓடுறாள். எங்களுக்கும்தான், ஏன் பொய் சொல்லுவான்? என்ன கெட்டிக்காரி, ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கிறாள் எண்டு கொண்டாடினம். வீட்டுக்கு வாற சனத்துக்கும் செய்துகாட்டினம்.

ஆனா அம்மா மாதிரி இல்லை. அம்மா ஒரு கதையைக் காவிக்கொண்டு வந்தா முள்ளை எடுத்துப்போட்டுத்தான் தருவா. சின்னப்பிள்ளைக்கு அது தெரியுமே? சொன்னதைச் சொன்னபடி. அப்பா, நீங்கள் ஒண்டுக்கும் உதவாத ஆளாம். அப்பா, உங்கடை முகத்திலை முழிச்சா அண்டைக்குச் சோறு இறங்காதாம். எல்லாத்தையும் அதே சிரிச்ச முகத்தோடை வந்து சொல்லிப்போட்டு, மறுமொழிக்குக் காத்துக்கொண்டு நிப்பாள். நானும் வாயிலை வந்ததைச் சொல்லி விடுவன். கையிலை கிடைச்சதை எறியிற மாதிரி.

இல்லை, சோறு இறங்காதெண்டது ஐயா சொன்னதில்லை. அதை விடுங்கோ.

நான் சொல்ல வந்தது என்னெண்டா, உது நோய் வருத்தமில்லை. இந்தப் பிள்ளை மற்றவையின்ரை கதையளைக் காவிக் காவி, தன்ரை கதை எண்டு ஒண்டு இல்லாமல் போச்சுது. தனக்கு நோகிறதும் வேறை ஆரோ சொல்லிவிடவேண்டிய சங்கதி எண்டு நினைக்குது. எல்லாத்துக்கும் அந்தக் கிழவன்தான். வகுப்பை மாத்திறதாலை உது மாறுமே?

தாய் வரேல்லையோ எண்டோ? வந்தவ. உங்கை வேப்பமரத்துக்குக் கீழை நிக்கிறாவே, அதுதான் என்ரை மனுசி தர்சினி. ஒரு மோட்டச்சைக்கிளிலைதான் வந்தனாங்கள், பிள்ளையை நடுவிலை வைச்சுக்கொண்டு.

ஓம், ரெண்டுபேரையும் இருத்திக் கதைக்கிறதுதான் நல்லது. தாராளமாக் கதையுங்கோ. ஆனா நான் போய்க் கூப்பிடுறது சரிவராது ரீச்சர். போன வருசம் ஐயாவை வைச்சுப் பாக்கிறதிலை எங்களுக்குள்ளை ஒரு சொல் வந்தது. நீங்களும் உங்கடை ஐயாவும் ஒரே அச்சு எண்டிட்டா. அண்டையோடை விட்டதுதான், நானும் அவவோடை கதைக்கிறேல்லை, அவவும் என்னோடை கதைக்கிறேல்லை. உப்பிடிப் பாக்காதேங்கோ, வீட்டிலை ஒரு அலுவலும் குழம்பேல்லை. பிள்ளைதான் இருக்கிறாளே. இப்பவும் தாரிகாவை வகுப்பிலையிருந்து ஒருக்கா வரச்சொல்லுங்கோ. ரீச்சர் கூப்பிடுறா எண்டு அவள் போய்த் தாயிட்டைச் சொல்லிப்போட்டு வரட்டும்.